ரோபோ வந்த பிறகு உங்கள் வேலை குறைந்ததா?

செங்காங் சிவா:
நேற்று சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கடைக்குச் சாப்பிடப் போனேன். பூனை முகம் போட்ட ரோபோ தட்டைத் தூக்கிக்கொண்டு மேசைப் பக்கம் வந்து நின்றது. பின்னாலேயே ஓர் அண்ணன் சாம்பார் வாளியோடு வந்தார், தட்டை எடுத்து வைத்ததும் அவர்தான். 2023 கணக்குப்படி சிங்கப்பூர் ஆலைகளில் 10,000 ஊழியருக்கு 770 ரோபோ. கொரியாவுக்கு அடுத்து உலகிலேயே நாம்தான். சரி, அது ஆலைக்குள். கடைக்கும் வீட்டுக்கும் வந்திருப்பவை உண்மையிலேயே வேலை செய்கின்றனவா, படம் காட்டுகின்றனவா? படம்தான் என்பது என் கட்சி.

இரவுஷிப்ட்:
சிவா, நீங்கள் சாப்பிட உட்கார்ந்த இடத்திலிருந்து பேசுகிறீர்கள். நான் ஒரு கடைத்தொகுதியில் துப்புரவு மேற்பார்வையாளர். இரவு 11 மணிக்கு மேல் இரண்டு மாடித் தரையையும் ரோபோதான் தேய்க்கிறது. முன்பு அறுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் மெஷினைத் தள்ளிக்கொண்டு நான்கு மணி நேரம் நடப்பார். படமா இல்லையா என்று அவர் முழங்காலைக் கேளுங்கள்.

ஈசூன் அக்கா:
அந்தப் பெரியவர் இப்போது என்ன செய்கிறார் தம்பி?

இரவுஷிப்ட்:
அங்கேயேதான் இருக்கிறார் அக்கா. கழிவறை, படிக்கட்டு, மின்படிக் கைப்பிடி. ரோபோவுக்குத் தண்ணீர் மாற்றுவது, பிரஷ்ஷில் சுற்றிய முடியை வெட்டி எடுப்பது எல்லாம் அவர்தான்.

ஈசூன் அக்கா:
அதைத்தான் கேட்டேன். நான் ஏழு வருஷம் அலுவலகத் துப்புரவு பார்த்தவள். தரை தேய்க்கிற நேரம்தான் எங்களுக்கு ஓய்வு மாதிரி. யாரும் கூப்பிட மாட்டார்கள், கை பாட்டுக்கு வேலை செய்யும், மனசு ஊருக்குப் போய்விட்டு வரும். ரோபோ வந்து அந்த நேரத்தை எடுத்துக்கொண்டது. குனிவதும் நாற்றமும் எங்களுக்கு மிச்சம். மாடிக்கு நான்கு பேர் இருந்தது மூன்றாயிற்று. கழிவறை மட்டும் குறையவே இல்லை.

பொங்கோல் பொறியாளர்:
அக்கா சொல்வது நியாயம். ஆனால் சம்பளத்தையும் பாருங்கள். துப்புரவுத் துறைக்குப் படிப்படியாக உயரும் சம்பள முறை 2014 முதல் கட்டாயம். அடிநிலைத் துப்புரவாளருக்கு மாதம் குறைந்தது 2023 ஜூலையில் 1,570 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 2028இல் 2,420 வெள்ளி. மெஷின் இல்லாமல் எந்த முதலாளி அதைத் தாங்குவார்?

ஈசூன் அக்கா:
மெஷினைப் பார்த்துக்கொள்பவருக்கு என்ன கூடுதல்?

இரவுஷிப்ட்:
அந்த முறையில் மெஷின் இயக்குபவருக்குத் தனிச் சம்பளப் படிநிலை இருக்கிறது அக்கா. தண்ணீர் மாற்றினால் மட்டும் இயக்குபவர் ஆகிவிடுவாரா என்று எங்கள் மேலிடம் கேட்கிறது. இரண்டு முறை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தோ பாயோ மாமி:
வீட்டுக் கதையைக் கேளுங்கள். தரை பெருக்கும் ரோபோ ஒன்று, பேரன் வாங்கிக் கொடுத்தது. வெள்ளிக்கிழமை சாமி அறையில் போட்ட மாக்கோலத்தை ஈரம் காய்வதற்குள் கூடம் வரைக்கும் இழுத்துவிட்டது. கறுப்பு மிதியடியைக் கண்டால் பேயைக் கண்டதுபோல் பின்வாங்குகிறது.

பொங்கோல் பொறியாளர்:
மாமி, அது அடியில் அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புகிறதா என்று பார்க்கும். கறுப்பு ஒளியை விழுங்கிவிடும். ஒளி திரும்பாவிட்டால், முன்னால் படிக்கட்டுப் பள்ளம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். வேறு நிறத்தில் மிதியடி போடுங்கள், சரியாகிவிடும்.

செங்காங் சிவா:
பார்த்தீர்களா! ரோபோவுக்காக மிதியடியை மாற்றணும், நாற்காலியைத் தூக்கி வைக்கணும், ஒயரைச் சுருட்டணும். இதில் யார் யாருக்கு வேலை பார்க்கிறார்கள்?

தோ பாயோ மாமி:
நாற்காலியை நின்றுகொண்டே தூக்கலாம் தம்பி. கட்டிலுக்கு அடியில் நான் குனிந்து பெருக்கி எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா? திருப்பித் தரமாட்டேன். மிதியடிதான் போகும்.

இரவுஷிப்ட்:
அப்புறம் வருகிறேன். ரோபோ மின்தூக்கி வாசலில் திரும்பத் தெரியாமல் நிற்கிறதாம், பெரியவர் போன் பண்ணுகிறார்.