புதுப்பிப்பு: கணினி காட்டிய பொருளைச் சோதித்தார்களா?

பயன்படுத்திய அணு எரிபொருளை மீண்டும் பயன்படும்படி பிரித்தெடுக்கும் மறுசெயலாக்கத்தில் செனான், கிரிப்டான் போன்ற வாயுக்கள் வெளியேறும். அவற்றைப் பிடிக்க, கணினியில் சுமார் 1,25,000 உலோக-கரிமக் கட்டமைப்புகளை (நுண்துளைகள் நிறைந்த படிகப் பொருள்கள்) சலித்த கதையை முன்பு எழுதியிருந்தேன். "ஏட்டுச் சுரைக்காய்தானே?" என்று ஒருவர் கேட்டார். இல்லை. கணினி முன்னணியில் வைத்த எஸ்பிஎம்ஓஎஃப்-1 என்ற கால்சியம் சேர்ந்த பொருளை ஆய்வகத்தில் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஈரக்காற்றிலும் அது செனானைப் பிடித்தது. அதன் துளை செனான் அணுவைவிடச் சற்றே பெரியது. உறைக்குள் கத்தி போலப் பொருந்துகிறது. கார்பன் டை ஆக்சைடுக்காக முன்பே ஆராயப்பட்ட பொருள் இது என்பதுதான் வேடிக்கை.

ஒரு திருத்தம்: செனானே பெரிய ஆபத்து என்று எழுதியது என் பிழை. அதன் கதிரியக்கம் சீக்கிரம் அடங்கிவிடும். 10.8 ஆண்டு அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம்) கொண்ட கிரிப்டான்-85தான் நெடுநாள் தொல்லை. செனானை முதலில் விலக்கிவிட்டால், கிரிப்டானைச் சேமிக்கக் குறைந்த இடமே போதும்.