காலணித் தொழிற்சாலையின் மென்பொருள்களை இணைக்க எந்தக் கிளவுட் சேவை பொருந்தும்?

ஆம்பூர்_கணினிப்பிரிவு

அனைவருக்கும் வணக்கம். ஏற்றுமதிக்குக் காலணி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் பதனிடும் டேனரி, ஆம்பூரில் அப்பர் (காலணியின் மேற்பகுதி) தைக்கும் யூனிட்டும் முழு ஷூ யூனிட்டும், வேலூரில் கணக்கு அலுவலகம் என்று எங்கள் வேலை மூன்று ஊர்களில் நடக்கிறது. ஆம்பூரில் சாப் பிசினஸ் ஒன் என்ற நிறுவன நிர்வாக மென்பொருள் எங்கள் சொந்த சர்வரில் ஓடுகிறது. டேனரியின் கணக்கும் இருப்பும் டேலிபிரைம் (டேலி) என்ற கணக்கு மென்பொருளில் உள்ளன. வருகைப் பதிவும் சம்பளமும் வேறொரு கிளவுட் மென்பொருளில் இருக்கின்றன. ஐரோப்பிய வாங்குநர்களில் சிலர் ஆர்டரை எடிஃபேக்ட் என்ற பன்னாட்டுத் தர வடிவில் இடிஐ (கணினிக்குக் கணினி ஆவணப் பரிமாற்றம்) வழியாகவே அனுப்புகிறார்கள்; சரக்கு புறப்படும்போது ஏஎஸ்என் (சரக்கு வருகை முன்னறிவிப்பு) அதே வழியில் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

இப்போது இவற்றை இணைப்பவை, இரவில் ஓடும் சில ஸ்கிரிப்டுகளும் காலையில் ஒருவர் கையால் ஏற்றும் சிஎஸ்வி (அட்டவணைத் தரவு) கோப்புகளும்தான். நடுவில் லைன் போனால் பாதிப் பதிவுகள் ஏறி, மீதி நின்றுவிடுகின்றன. எது வந்தது, எது வரவில்லை என்று தேடுவதிலேயே முற்பகல் கழிந்துவிடுகிறது. இதை ஒழுங்குபடுத்த நிர்வாகம் ஒப்புதல் தந்துவிட்டது. சாப் இன்டகிரேஷன் சூட், மியூல்சாஃப்ட், மைக்ரோசாஃப்டின் அஸூர் லாஜிக் ஆப்ஸ், அமேசானின் ஏடபிள்யூஎஸ் ஆகிய நான்கு கிளவுட் சேவைகளும் பரிசீலனையில் உள்ளன. இங்கே இந்த வேலைக்கு நானும் ஓர் இளநிலைப் பணியாளரும் மட்டுமே இருக்கிறோம். எதை, எந்த அடிப்படையில் தேர்வது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

ராணிப்பேட்டை_இணைப்பு

தம்பி, நான்கு விலைப்பட்டியல்களையும் இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு, எந்தத் தகவல் எங்கிருந்து எங்கே போகிறது, அது ஒரு மணி நேரம் தாமதமானால் யாருக்கு என்ன நஷ்டம், அதே தகவல் இரண்டு முறை போனால் என்ன ஆகும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வருகைப் பதிவு நாளைக்கு வந்தாலும் கெடுதல் இல்லை. ஏஎஸ்என் அப்படியன்று, கண்டெய்னர் புறப்பட்ட பிறகு அது தாமதமானால் வாங்குநர் அபராதம் பிடிக்க வாய்ப்புண்டு, இரண்டு முறை போனாலோ அவருடைய கிடங்கில் குழப்பம் வரும்.

இணைப்பு வேலையில் கஷ்டமான பகுதி தகவலை அனுப்புவது அன்று, பாதியில் நின்றதை அடையாளம் கண்டு பாதுகாப்பாகத் திரும்ப அனுப்புவதுதான். டேலியையே எடுத்துக்கொள்ளுங்கள். அது வழக்கமாக 9000ஆம் போர்ட்டில் (கணினியின் இணைப்பு வாயில்) எக்ஸ்எம்எல் என்ற குறியிட்ட உரை வடிவில் வவுச்சர்களை, அதாவது கணக்குப் பதிவுகளை, வாங்கிக்கொள்ளும். வவுச்சரில் உள்ள லெட்ஜர் (கணக்குத் தலைப்பு) பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் டேலி அதை ஏற்காது. ஆனால் தகவலைக் கொண்டுசெல்லும் எச்டிடிபி அளவில் 200 என்ற வெற்றிக் குறியீடே திரும்பி வரும். எத்தனை பதிவாயின, எத்தனை பிழையாயின என்ற எண்ணிக்கை பதிலின் உள்ளே எக்ஸ்எம்எல்லில் இருக்கும். அதைப் பிரித்துப் படிக்காத இணைப்பு, எந்த நிறுவனத்தின் கிளவுடில் ஓடினாலும், எல்லாம் நலம் என்றே பச்சை விளக்குக் காட்டிக்கொண்டிருக்கும்.

மின்விலைப்பட்டியல் இதற்கு நேர்மாறு. ஜிஎஸ்டி மின்விலைப்பட்டியலுக்குத் தரப்படும் ஐஆர்என் என்பது விற்பவரின் ஜிஎஸ்டி எண், ஆவண வகை, ஆவண எண், நிதியாண்டு ஆகியவற்றிலிருந்து உருவாகும் 64 எழுத்து அடையாளம் என்பதால், ஒரே பில்லை இரண்டாம் முறை அனுப்பினால் மின்விலைப்பட்டியல் போர்ட்டல் நகல் என்று மறுத்துவிடும். முதல் முறை அனுப்பியபோது லைன் அறுந்து பதில் மட்டும் உங்களுக்கு வராமல் போயிருக்கலாம். அப்போது இந்த மறுப்பைப் பிழையாகக் கொள்ளாமல், ஏற்கெனவே வழங்கப்பட்ட எண்ணை வாங்கிப் பதியும்படி இணைப்பை அமைக்க வேண்டும். நான் பார்த்த ஒரு தொழிற்சாலையில் இப்படி அமைக்காததால், பணியாளர் புது பில் எண் போட்டு அனுப்ப, ஒரே சரக்குக்கு இரண்டு பில்கள் உருவாகிவிட்டன. 24 மணி நேரத்துக்குள் கவனித்ததால் ரத்து செய்ய முடிந்தது.

ஆகவே எந்தச் சேவையை எடுத்தாலும், நின்றுபோன தகவல் எங்கே தங்குகிறது, அதை உங்கள் இளநிலைப் பணியாளர் நிரல் எழுதாமலே திறந்து பார்த்துத் திருத்தி மறுபடி அனுப்ப முடியுமா என்பதையே முதலில் கேளுங்கள்.

காட்பாடி_கிளவுட்

மேலே சொன்னவர் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் விலையை அவ்வளவு தூரம் ஓரமாக வைக்க முடியாது என்பது என் எண்ணம், ஏனென்றால் கட்டணம் கணக்கிடும் முறையே இணைப்பை எப்படி வடிவமைக்கிறோம் என்பதை மாற்றிவிடுகிறது.

லாஜிக் ஆப்ஸின் கன்சம்ப்ஷன் (பயன்பாட்டுக்கேற்ற கட்டணம்) திட்டத்தில் ஒவ்வொரு செயலுக்கும் கட்டணம் உண்டு. புதுத் தகவல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்து எதுவும் இல்லாமல் திரும்பினாலும் அதுவும் கணக்கில் சேரும். நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும்படி வைத்தால் மாதக் கடைசியில் தெரியும். எடிஃபேக்ட், இடிஐ கோப்புகளை இணையத்தில் பாதுகாப்பாக அனுப்பும் முறையான ஏஎஸ்2 இரண்டும் அதிலேயே கிடைக்கின்றன என்றாலும், அவற்றுக்குத் தேவையான இன்டகிரேஷன் அக்கவுண்ட் என்ற தனிக் கணக்கின் கட்டண அடுக்குகளில், ஒரு தகவல்கூடப் போகாத நாளிலும் தனிக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். சாப் இன்டகிரேஷன் சூட்டில் தகவல்களின் எண்ணிக்கையை ஒட்டிக் கட்டணம் அமையும். அதிலும் இடிஐ வசதி நன்றாக இருக்கிறது. ஆனால் அதன் ஆயத்த இணைப்புகள் பெரும்பாலும் சாப்பின் எஸ்4ஹானா போன்ற பெரிய மென்பொருள்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. உங்களிடம் இருப்பது பிசினஸ் ஒன். வெளி மென்பொருள்களுக்கான அதன் வாயிலான சர்வீஸ் லேயர், ஓடேட்டா என்ற பொதுத் தர வடிவில் பேசுவதால் எந்தக் கருவியும் அதனுடன் பேச முடியும். சாப் என்ற பெயர் ஒன்று என்பதற்காக மட்டும் அந்தச் சூட்டை வாங்க வேண்டியதில்லை.

மியூல்சாஃப்ட், 2018இல் சேல்ஸ்ஃபோர்ஸ் வாங்கிய நிறுவனம், நல்ல கருவி. நூற்றுக்கணக்கான ஏபிஐகளை (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வாயில்கள்) பல குழுக்கள் பகிர்ந்துகொள்ளும் இடத்துக்கு அது பொருந்தும். இருவர் மட்டும் உள்ள பிரிவுக்குப் பாரம் அதிகம். ஏடபிள்யூஎஸ்ஸின் எஸ்க்யூஎஸ் (தகவல் வரிசை), லாம்டா (நிரலை இயக்கும் சேவை) வழி செலவு குறைவுதான். ஆனால் அங்கே பிழைத் திரையும் மறுபடி அனுப்பும் ஏற்பாடும் பெரும்பாலும் நீங்களே எழுத வேண்டியவை, எழுதியவர் வேலை மாறினால் அவை அநாதையாகும். எஸ்க்யூஎஸ் வரிசையில் தகவல் இயல்பாக 4 நாளும் அதிகபட்சம் 14 நாளும்தான் தங்கும் என்பதால், பொங்கலுக்குத் தொழிற்சாலை மூடியிருக்கும் வாரத்தையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் நிலையில் நான் லாஜிக் ஆப்ஸையும் அதனோடு அஸூரின் தகவல் வரிசையான சர்வீஸ் பஸ்ஸையும் எடுப்பேன். தொழிற்சாலைக் கணினியில் நிறுவும் இணைப்பு மென்பொருளான ஆன்பிரமிசஸ் கேட்வே, அங்கிருந்து வெளியே மட்டுமே இணைப்பு எடுக்கும். ஃபயர்வாலில் உள்ளே வர எந்த போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை. ஒரு செய்தி மட்டும்: சென்னையில் உள்ள அஸூரின் சவுத் இந்தியா ரீஜியன் (தரவு மைய வட்டாரம்) நமக்குப் பக்கம் என்று அதைத் தேர்ந்துவிடாதீர்கள். அங்கே அவெய்லபிலிட்டி ஸோன்கள் (ஒன்று நின்றாலும் மற்றது ஓடும் தனித்தனித் தரவு மையங்கள்) இல்லை. புனேயில் உள்ள சென்ட்ரல் இந்தியாவில் உண்டு. இந்த வேலைக்குச் சில மில்லிசெகண்டுகள் ஒரு பொருட்டே இல்லை.

கணக்கு_வேலூர்

கணக்குப் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள். உங்கள் நிறுவனம் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவானதாக இருந்தால், 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் திருத்தத் தடம் (ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் ஆடிட் டிரெயில்) அணைக்க முடியாதபடி இயங்க வேண்டும். இணைப்புக் கருவி தரவுத்தளத்தில் நேரடியாக எழுதினால் அந்தத் தடம் விடுபட்டுப்போகும், ஆடிட்டர் கேட்பார். ஆகவே பிசினஸ் ஒன்னிலும் டேலியிலும் அவற்றுக்குரிய முறையான வாயில் வழியாகவே பதியுங்கள். அத்துடன், இணைப்புக்கென்று தனிப் பயனர் பெயர் வைத்தால், இது மனிதர் போட்ட பதிவா, தானாக வந்த பதிவா என்று எங்களுக்கு உடனே புரியும்.

மின்னணுக் கணக்கேடுகளின் காப்புப் பிரதி இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும் என்ற விதி 2022 ஆகஸ்டில் வந்தது. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் உத்தரவுப்படி கணினிப் பதிவேடுகளை (லாக்) 180 நாட்கள் வைத்திருக்கவும் வேண்டும். இவற்றுக்காகும் சேமிப்புச் செலவு எந்த விலைப்பட்டியலிலும் தானாக வராது, கேட்டு வாங்குங்கள்.

ஆம்பூர்_கணினிப்பிரிவு

மூவருக்கும் மிக்க நன்றி. தாளில் எழுதிப் பார்த்தபோது, நிர்வாகம் அவசரம் என்று சொன்ன சம்பள இணைப்பு கடைசிக்குப் போய், டேனரி இருப்பும் ஏஎஸ்என்னும் முன்னால் வந்துவிட்டன. ஒரு சந்தேகம்: ஏஎஸ்2 வழியில் எங்களுக்கு எம்டிஎன் என்ற ஒப்புகை கிடைக்கிறது. அது வந்துவிட்டால் வாங்குநர் ஏஎஸ்என்னை ஏற்றுக்கொண்டார் என்று கொள்ளலாமா?

ராணிப்பேட்டை_இணைப்பு

கொள்ளக் கூடாது, தம்பி. கோப்பு சிதையாமல் அவர்கள் வாசலை அடைந்தது என்பதற்கு மட்டுமே எம்டிஎன் சான்று. எடிஃபேக்ட் அமைப்பு சரியாக இருக்கிறதா என்பதைக் கண்ட்ரோல் என்ற தனிச் செய்தி சொல்லும். உள்ளே இருக்கும் ஆர்டர் எண்ணும் ஜோடிக் கணக்கும் பொருந்துகின்றனவா என்பதற்கு அவர்கள் வேறொரு பதில் அனுப்புவார்கள், அல்லது மின்னஞ்சலில் சொல்வார்கள். வாங்குநருக்கு வாங்குநர் இந்த வழக்கம் மாறும். அவர்களுடைய இடிஐ கையேட்டைக் கேட்டு வாங்கி, எந்தப் பதில் எத்தனை மணி நேரத்துக்குள் வராவிட்டால் உங்களுக்கு எச்சரிக்கை வர வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தனியாக அமையுங்கள்.

செயல்விளக்கத்துக்கு விற்பனையாளர் வரும்போது, அவருடைய மாதிரித் தரவை வேண்டாம் என்று சொல்லி, உங்கள் பழைய ஏஎஸ்என் ஒன்றையும், லெட்ஜர் பெயர் தவறிய டேலி வவுச்சர் ஒன்றையும் கொடுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே தொழிற்சாலை முனையில் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, கால் மணி நேரம் கழித்து மாட்டுங்கள். அதன் பிறகு திரையில் என்ன தெரிகிறது என்பதை உங்கள் இளநிலைப் பணியாளரைக் கொண்டே படிக்கச் செய்யுங்கள்.