உதவி தேவை: காந்தப்புலத்தில் ஃபோட்டான் மாற்றம் 5×10¹⁹ இவி-யிலேயே அதிகம் வருகிறது, திசை வரைபடமும் தலைகீழாக இருக்கிறது

புதுவானம் எழுதியது:

வணக்கம். மிக உயர் ஆற்றல் ஃபோட்டான் ஒன்று பூமியின் காந்தப்புலத்துக்குள் வரும்போது, காற்றைத் தொடுவதற்கு முன்பே எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடியாக மாறுவதை பைத்தானில் சிமுலேஷன் செய்கிறேன். இடம் அர்ஜென்டினாவில் மலார்குவே, அதாவது பியேர் ஓஷே அண்டக்கதிர் ஆய்வகம். காற்றில் துகள் மழையை (ஷவர்) சிமுலேஷன் செய்யும் கோர்சிகா நிரலோடு சேர்த்து ஓட்ட, இந்த மாற்றத்தைக் கணக்கிடும் ப்ரீஷவர் என்ற நிரல் இருப்பது தெரியும். அதை ஓட்டுவதற்கு முன் உள்ளே என்ன நடக்கிறது என்று புரியவேண்டும் என்பதால் சொந்தமாக எழுதிப் பார்க்கிறேன்.

முறை வழக்கமானதுதான். ஃபோட்டானை மேலிருந்து படிப்படியாக இறக்குகிறேன். ஒவ்வொரு படியிலும் ஐஜிஆர்எஃப் என்ற புவிக் காந்தப்புல மாதிரியிலிருந்து புலத்தை எடுத்து, பாதைக்குச் செங்குத்தான கூறைக் கணக்கிட்டு, எர்பர் 1966-ல் கொடுத்த சூத்திரத்தில் மாற்ற நிகழ்தகவைப் பார்க்கிறேன். மாறிவிட்டால் இரண்டு துகள்களையும் 1 கி.மீ. படியில் இறக்கி, அவை உமிழும் ஃபோட்டான்களைச் சேகரிக்கிறேன்.

இரண்டு சிக்கல். 5×10¹⁹ எலக்ட்ரான் வோல்ட்டிலேயே (இவி) நிறைய ஃபோட்டான்கள் மாறிவிடுகின்றன. கட்டுரைகளில் பார்க்கும் வளைகோடுகளில் அந்த ஆற்றலில்தான் மாற்றமே மெல்லத் தலைகாட்டுகிறது. அடுத்தது, வானத்தில் எந்தத் திசையிலிருந்து வந்தால் அதிகம் மாறும் என்று வரைந்தால் எனக்கு வடக்கில் அதிகம் வருகிறது. தெற்கில் வரவேண்டும் என்கிறார்கள். செங்குத்தாக, உச்சியிலிருந்து வரும் ஃபோட்டானுக்கு மட்டும் திசைப் பிரச்சினை எதுவும் தெரியவில்லை. எங்கே பார்ப்பது?

வடதிசை எழுதியது:

எந்த ஆண்டு ஐஜிஆர்எஃப் கெழுக்கள்? ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். பழையதை வைத்திருந்தால் புலம் மாறிப்போகும். அந்தப் பக்கம் தென் அட்லாண்டிக் பலவீனப் பகுதி வேறு, வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறது.

பழைய ஃபார்ட்ரான் எழுதியது:

ஆண்டு மாறினால் புலம் சில சதவீதம் நகரும். வடக்கைத் தெற்காக்காது. அதை அப்புறம் பார்க்கலாம்.

வானத்து வரைபடத்தைக் கொஞ்சம் மூடி வையுங்கள். அதில் புலமாதிரி, வடிவியல், நிகழ்தகவு எல்லாம் கலந்து கிடக்கும். எது தப்பு என்று அது சொல்லாது. ஐஜிஆர்எஃப்பைக் கழற்றிவிட்டு, பாதைக்குச் செங்குத்தான கூறு எங்கும் 0.25 காஸ் (காந்தப்புல அலகு) என்று மாறிலியாகப் போடுங்கள். அந்தப் புலத்தில் ஃபோட்டான் மாறுவதற்கு முன் சராசரியாக எவ்வளவு தூரம் போகும் என்று மட்டும் அச்சிடுங்கள். எர்பர் சூத்திரத்தைக் கையால் போட்டால் எனக்கு வருவது: 10²¹ இவி-க்கு சுமார் 95 கி.மீ., 10²⁰-க்கு சுமார் 600 கி.மீ., 5×10¹⁹-க்கு சுமார் 6,400 கி.மீ. ஆற்றலைப் பாதியாக்கினால் தூரம் பத்து மடங்குக்கு மேல் நீள்வதைக் கவனியுங்கள். அந்தச் சூத்திரத்தில் உள்ள பெசல் சார்பு ஆற்றல் குறையக் குறைய அவ்வளவு வேகமாகச் சுருங்கும். இந்தக் கணக்கில் சின்னக் காரணி ஒன்று தவறினாலும் விடை தூக்கி அடித்துவிடும். உங்களுக்கு என்ன வருகிறது?

புதுவானம் எழுதியது:

10²⁰-க்கு 190 கி.மீ. சொச்சம். 5×10¹⁹-க்கு கிட்டத்தட்ட 600.

இன்னொன்றும் இருக்கிறது. 10¹⁷ இவி போட்டால் விடையே வராமல் 'எண் அல்ல' என்று நிற்கிறது. அந்த ஆற்றல் எனக்குத் தேவையில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

பழைய ஃபார்ட்ரான் எழுதியது:

5×10¹⁹-க்கு வரும் 600-தான், 10²⁰-க்கு வரவேண்டிய 600. உங்கள் நிரல் ஆற்றலை இரண்டு மடங்காக நினைத்துக்கொள்கிறது. எர்பர் சூத்திரத்துக்குள் போகும் 'கை' (χ) அளபுருவை எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஃபோட்டானுக்கு அது, ஆற்றலை எலக்ட்ரான் நிறை ஆற்றலின் இரண்டு மடங்கால், அதாவது 1.022 மெகா இவி-யால் வகுத்து, செங்குத்துப் புலத்துக்கும் நெருக்கடிப் புலத்துக்கும் உள்ள விகிதத்தால் பெருக்குவது. நெருக்கடிப் புலம் ஒரு மாறிலி, 4.414×10¹³ காஸ். வகுக்கும் அந்த 2-ஐ விட்டிருப்பீர்கள்.

இப்படித் தவறுவதற்கு வழக்கமான காரணம், ஃபோட்டானுக்கும் எலக்ட்ரானுக்கும் ஒரே சார்பை எழுதிவிடுவது. எலக்ட்ரான் உமிழும் கட்டத்தில் வரும் அளபுரு வேறு. சோகோலோவ்-டெர்னோவ் வடிவத்தில் அதற்கு முன்னால் ஒன்றரை நிற்கும், கீழே 0.511 மெகா இவி மட்டும் இருக்கும். இரண்டையும் தனித்தனிச் சார்பாகவே வையுங்கள், பெயரும் வேறு வேறாக இருக்கட்டும்.

10¹⁷-ஐ விட்டுவிடாதீர்கள். அங்கே பெசல் சார்பு கணினி தாங்கும் எல்லைக்குக் கீழே போய்ச் சுழியமாகிறது, நீங்கள் அதைத் தலைகீழாக்கித் தூரம் எடுக்கிறீர்கள். தூரமே வேண்டாம். ஒரு படியில் மாறும் நிகழ்தகவை நேரடியாக எடுங்கள்: ஒன்றிலிருந்து, படி நீளம் பெருக்கல் மாற்றக் கெழுவின் எதிர்மறை அடுக்கைக் கழிப்பது. பைத்தானின் நம்பை நூலகத்தில் 'அடுக்கு கழித்தல் ஒன்று' என்பதற்கே தனிச் சார்பு இருக்கிறது, சின்ன எண்ணிலும் துல்லியம் போகாது. சுழியம் வந்தால் சுழியம், அவ்வளவுதான். ஜோடியில் ஒன்று சின்னப் பங்கு ஆற்றலோடு பிறக்கும்போதும், அது உமிழும் ஃபோட்டான் மறுபடி மாறுமா என்று கேட்கும்போதும் இந்தக் கீழ் ஆற்றல்களுக்கு நிரல் போகத்தான் செய்யும்.

புதுவானம் எழுதியது:

ஆமாம், ஒரே சார்புதான். பிரித்துவிட்டேன். நீங்கள் சொன்ன மூன்று தூரமும் அப்படியே வருகின்றன. நன்றி அண்ணா. ஆனால் ஐஜிஆர்எஃப்பைத் திரும்ப மாட்டினால் வடக்கு வடக்காகவே நிற்கிறது.

வடதிசை எழுதியது:

கோர்சிகாவின் அசிமுத் கோணத்தை (கிடைத்தளத் திசைக்கோணம்) எடுத்திருக்கிறீர்களா? அதில் துகள் போகும் திசையைத்தான் கொடுப்பார்கள், வரும் திசையை அல்ல. சுழியம் என்றால் வடக்கு நோக்கிப் போகிறது, அதாவது தெற்கிலிருந்து வருகிறது. அந்த வடக்கும் காந்த வடக்கு. ஓஷே ஆட்கள் கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக, வரும் திசையை அளப்பார்கள். 180 டிகிரி அங்கே புரண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

பழைய ஃபார்ட்ரான் எழுதியது:

நல்ல சந்தேகம். ஆனால் தலைகீழாவதற்கு இன்னொரு வழியும் உண்டு. ஐஜிஆர்எஃப் மூன்று கூறு தரும்: வடக்கு, கிழக்கு, கீழ். மூன்றாவது கீழ்நோக்கி நேர்மறை. உங்கள் அச்சு மேல்நோக்கி என்றால் குறியை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டாலும் இதே அறிகுறிதான் வரும், வடக்கும் தெற்கும் இடம் மாறும். உச்சியிலிருந்து வரும் ஃபோட்டானில் இரண்டு பிழையுமே தெரியாது. அதன் பாதைக்குச் செங்குத்தான கூறு என்பது புலத்தின் கிடைக் கூறுதான். அசிமுத்துக்கு அங்கே அர்த்தமில்லை, மேல்-கீழ்க் கூறு கணக்கில் வருவதும் இல்லை. அதனால்தான் அங்கே திசைப் பிரச்சினை தெரியவில்லை.

எந்தப் பிழை என்று பிரிக்க, புலத்தையே பார்க்காமல் இடத்தை மட்டும் பாருங்கள். தெற்கிலிருந்து, உச்சிக்கோணம் (தலைக்கு நேர் மேலிருந்து சாய்வு) 60 டிகிரியில் வரும் ஃபோட்டான் 1,000 கி.மீ. உயரத்தில் இருக்கும்போது எந்த அட்சரேகைக்கு மேலே இருக்கிறது? பூமி உருண்டை என்று வைத்துக் கணக்குப் போட்டால் தரையிலிருந்து பாதை நீளம் சுமார் 1,700 கி.மீ. (தட்டை பூமியில் 2,000 வரும், அதையும் சரிபாருங்கள்). பூமி மையத்தில் அது 11.5 டிகிரி. மலார்குவே தெற்கு 35.3 டிகிரியில் இருக்கிறது. ஆக, தெற்கு 46.8-க்குப் பக்கத்தில் அச்சிட வேண்டும். 23.8 என்று வந்தால் வடதிசை சொன்ன அசிமுத் பிழை. 46.8 வந்தால் புலத்தின் குறி.

புதுவானம் எழுதியது:

தெற்கு 46.8.

பழைய ஃபார்ட்ரான் எழுதியது:

அப்போது குறிதான். மலார்குவேயில் புலம் வடக்கு நோக்கி மேலே கிளம்புகிறது, கிடையிலிருந்து ஏறத்தாழ 35 டிகிரி. ஆகவே வடக்கே உச்சிக்கோணம் 55 பக்கமிருந்து வரும் ஃபோட்டான் புலக்கோட்டின் வழியாகவே இறங்குகிறது, செங்குத்துக் கூறு மிஞ்சுவதில்லை. தெற்கிலிருந்து வருவது புலத்தைக் குறுக்கே வெட்டுகிறது. போதாததற்கு, தெற்கே போகப் போகப் புலமே வலுக்கிறது.

குறியை மாற்றும்போதே இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஐஜிஆர்எஃப் தரும் 'வடக்கு' அந்தந்தப் புள்ளியின் வடக்கு. 1,000 கி.மீ. உயரத்தில் உள்ள புள்ளியின் 'கீழ்', உங்கள் ஆய்வகத்தின் 'கீழ்' அல்ல. இரண்டுக்கும் நடுவே அதே 11.5 டிகிரி. புல வெக்டரை ஆய்வக அச்சுக்குச் சுழற்றிவிட்டுத்தான் குறுக்குப் பெருக்கல் எடுக்க வேண்டும்.

சரிபார்க்க ஒரே ஒரு ஓட்டம் போதும். இடத்தை அமெரிக்காவின் யூட்டாவுக்கு, டெலஸ்கோப் அரே என்ற இன்னொரு அண்டக்கதிர் ஆய்வகம் இருக்கும் வடக்கு 39.3, மேற்கு 112.9-க்கு மாற்றுங்கள். அங்கே புலம் வடக்கு நோக்கிக் கீழே செருகுகிறது, சரிவும் அதிகம். ஆகவே பலவீனத் திசை தெற்கில், உச்சிக்குக் கிட்டே விழ வேண்டும், பலத்த திசை வடக்கில். புலம் மலார்குவேயைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதால் மாற்றம் தொடங்கும் ஆற்றலும் ஏறத்தாழ பாதியாகும். 'கை'-யில் ஆற்றலும் புலமும் பெருக்கலாகத்தானே வருகின்றன. இரண்டு ஊரும் சரியாக வந்தால் குறிகளைப் பற்றிக் கவலையில்லை.

புதுவானம் எழுதியது:

இரண்டு ஊரும் சரியாக வந்துவிட்டன. சுழற்றலும் இல்லாமல்தான் இருந்தது, சேர்த்துவிட்டேன்.

கடைசியாக ஒரு கேள்வி. மாற்றத்துக்குப் பிறகு வரும் ஃபோட்டான்களின் எண்ணிக்கை படி நீளத்தைப் பொறுத்து மாறுகிறது. நேரத்தை மிச்சப்படுத்த 10 கி.மீ. படி வைத்தேன். 900 கி.மீ. ஓடிய எலக்ட்ரான் ஏறத்தாழ ஒவ்வொரு முறையும் 90 ஃபோட்டான் தருகிறது. 1 கி.மீ. வைத்தால் அதைவிட அதிகம், முறைக்கு முறை மாறவும் செய்கிறது. இரண்டிலும் மொத்த ஆற்றல் கச்சிதமாகப் பாதுகாக்கப்படுகிறது. ஆகவே உமிழ்வுப் பகுதி சரி என்றுதான் நினைக்கிறேன்?

பழைய ஃபார்ட்ரான் எழுதியது:

ஆற்றல் பாதுகாப்பு இங்கே எதையும் நிரூபிக்காது. பட்டியலில் எழுதியதைத்தான் எலக்ட்ரானிலிருந்து கழிக்கிறீர்கள், கூட்டினால் சரியாக வராமல் என்ன செய்யும்?

900 கி.மீ.யில் 90 என்றால் படிக்கு ஒன்று. ஒரு படியில் அதிகபட்சம் ஒரு ஃபோட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள், நிகழ்தகவோ ஒன்றைத் தாண்டிவிட்டது. சமவாய்ப்பு எண் எதுவானாலும் 'ஆம்' என்றே வரும். சிங்க்ரோட்ரான் உமிழ்வில், அதாவது காந்தப்புலத்தில் வளையும் எலக்ட்ரான் ஃபோட்டான் விடுவதில், ஒரு கி.மீ.க்கு எத்தனை ஃபோட்டான் என்பது, குவாண்டம் திருத்தத்தை விட்டால், எலக்ட்ரானின் ஆற்றலைப் பொறுத்ததே அல்ல. புலத்தை மட்டும் பொறுத்தது. 0.25 காஸில் கி.மீ.க்கு சுமார் 0.15, அதாவது ஆறு ஏழு கி.மீ.க்கு ஒன்று. ஆற்றல் அதிகமாக இருக்கும் தொடக்கத்தில் குவாண்டம் திருத்தம் இதைக் கொஞ்சம் குறைக்கும். இந்த எண்ணையும் மாறிலிப் புலத்தில் அச்சிட்டுப் பாருங்கள். ஃபோட்டான் மாறும் கட்டத்துக்கு 10 கி.மீ. படி தாராளம். எலக்ட்ரானுக்கு 1 கி.மீ.க்கு மேல் போகாதீர்கள். நேரம் இடித்தால் படியில் எத்தனை என்பதை பாய்சான் பரவலிலிருந்து எடுங்கள், ஆனால் ஒவ்வொரு உமிழ்வுக்குப் பிறகும் எலக்ட்ரான் ஆற்றலைக் குறைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

வடதிசை எழுதியது:

நடுவில் புகுந்து கேட்கிறேன். 10¹² இவி-க்குக் கீழ் உள்ள ஃபோட்டான்களைக் கணக்கில் எடுக்காமல் வெட்டிவிடுவார்களே, அதனால் எண்ணிக்கை பாதிக்காதா?

பழைய ஃபார்ட்ரான் எழுதியது:

ரொம்ப இல்லை. சின்ன ஆற்றல் பக்கம் எண்ணிக்கைப் பரவல் ஆற்றலின் எதிர்மறை மூன்றில் இரண்டு அடுக்காகப் போகிறது, கூட்டினால் எல்லைக்குள் நிற்கும். 10¹⁹ இவி பக்கம் உச்சம் வைத்துக்கொண்டால், 10¹²-க்குக் கீழே போவது எண்ணிக்கையில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. எலக்ட்ரான் ஆற்றல் இழக்க இழக்க அந்தப் பங்கு ஏறும், அப்போதும் பெரிதல்ல. ஆற்றலில் அது கண்ணிலேயே படாது.

புதுவானத்துக்கு: இதை கோர்சிகாவுக்குள் கொண்டுபோகும்போது ஒன்றைப் பாருங்கள். அங்கே ப்ரீஷவர் பகுதி புவி ஆயங்களை வைத்து ஐஜிஆர்எஃப்பிலிருந்து புலம் எடுக்கும். காற்றுக்குள் நடக்கும் ஷவர், உள்ளீட்டுக் கோப்பில் காந்தப்புலத்துக்கென்று இருக்கும் தனி வரியைப் படிக்கும். அந்த வரி இல்லாவிட்டால் எடுப்பது கார்ல்ஸ்ரூஹேயின் புலம், நிரல் பிறந்த ஊர், ஏறத்தாழ 48 மைக்ரோடெஸ்லா. மலார்குவேக்கு வழக்கமாகப் போடுவது கிடைக் கூறு 20.1, மேல்-கீழ்க் கூறு கழித்தல் 14.2. அங்கேயும் இரண்டாவது எண் கீழ்நோக்கி நேர்மறைதான்.

புதுவானம் எழுதியது:

பாய்சான் வைத்து ஓட்டினேன், மாறிலிப் புலத்தில் கி.மீ.க்கு 0.15-ஐ ஒட்டியே வருகிறது. கோர்சிகா வரியும் விட்டுப்போயிருந்தது, சேர்த்தேன். ஷவரில் துகள்கள் மிக அதிகமாக இருக்கும் ஆழத்தை (உச்ச ஆழம்) 10²⁰ இவி-க்கு வரைந்தால் இரண்டு மேடு வருகிறது. இதுவும் பிழையா?

பழைய ஃபார்ட்ரான் எழுதியது:

அது பிழையல்ல. மாறாமல் வந்த ஃபோட்டான் முழு ஆற்றலோடு காற்றுக்குள் நுழைகிறது. லண்டாவ்-பொமரான்சுக்-மிக்டால் விளைவு அதன் மோதலைத் தள்ளிப்போடுவதால் உச்சம் ஆழத்தில், பெரிய சிதறலோடு விழும். மாறியது சில நூறு சின்னத் துகள்களாக வருகிறது. உச்சம் மேலேயே வரும், சிதறலும் குறைவு. இரண்டையும் தனி நிறத்தில் வரையுங்கள். வடக்கே 55 டிகிரி பக்கம் எடுத்தால் ஆழமான மேடு மட்டும் மிஞ்ச வேண்டும்.