சிக்கிமுக்கித் துப்பாக்கியில் குண்டு சிதறுகிறது, எதை முதலில் மாற்றுவது?

மலையோரம்:
பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்ததும் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கென்று ஒரு மான் வேட்டைக் காலம் வரும், அதற்குத்தான் தயாராகிறேன். 50 கேலிபர் (குழல் துளை அரை அங்குலம்), குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய வரிகளின் முறுக்கு 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 0.490 அங்குல உருண்டைக் குண்டு, அதைச் சுற்றிக் குழலில் இறக்கும் 0.010 அங்குலப் பேட்ச் துணி, 90 கிரெயின் (சிறு எடை அளவு) கருமருந்து. 50 கஜத்தில் முதல் குண்டு நடுவில் படுகிறது, அப்புறம் சுடுவதெல்லாம் ஒரு சாண் அகலத்துக்குச் சிதறுகிறது. குறிபார்க்கும் முள்ளை, அதாவது குறிமுள்ளை நகர்த்தலாமா?

பழங்குழல்:
குறிமுள்ளைத் தொடாதீர்கள். முதல் குண்டு சரியாகப் போய் அடுத்தடுத்துக் கெடுகிறது என்றால் குழலில் கரி படிகிறது. கருமருந்து எரிந்தால் அதில் பாதிக்கு மேல் கசடாகவே மிஞ்சும். ஒவ்வொரு முறை சுட்டதும் லேசாக ஈரமான துணியை ஒரு தரம் விட்டு எடுங்கள், பின்னாலேயே உலர்ந்த துணி. சொட்டச் சொட்ட நனைத்தால் ஈரம் அடியில் தங்கி அடுத்த மருந்தைக் கெடுத்துவிடும்.

ஈயக்குண்டு:
அவர் சொல்வது சரிதான், ஆனால் எனக்கு அந்த மெல்லிய துணி மேல்தான் சந்தேகம். சுட்ட பேட்ச் சில கஜம் தள்ளி விழுந்து கிடக்கும், பொறுக்கிப் பாருங்கள். நடுவில் கருத்த வட்டம், சுற்றிலும் முறுக்கின் வரிகள், ஓரத்தில் மட்டும் பிசிறு என்றிருந்தால் நல்லது. கீறியிருந்தால் குழல் வாயின் விளிம்பு கூராக இருக்கிறது.

மலையோரம்:
பார்த்தேன் அண்ணா, எல்லாத் துணியிலும் கருகிய ஓட்டை!

ஈயக்குண்டு:
அப்படியென்றால் நெருப்பு துணியைத் தாண்டிப் போகிறது, குண்டு முறுக்கைப் பிடிக்கவே இல்லை. 0.018 கனத்தில் நெருக்கமாய் நெய்த மெத்தை உறைத் துணி வாங்கி மசகு நன்றாகத் தடவுங்கள். மருந்தை 60 கிரெயினுக்கு இறக்கி, ஐந்தைந்தாகக் கூட்டி, ஒவ்வோர் அளவுக்கும் ஐந்து குண்டு சுட்டு, குண்டுகள் நெருங்கி விழும் இடத்தில் நிறுத்துங்கள். அளவைக் குவளையில்தான் அளக்க வேண்டும், குடுவையிலிருந்து நேரே குழலில் கொட்டவே கூடாது, உள்ளே தணல் இருந்தால் குடுவையே வெடிக்கும்.

பழங்குழல்:
குண்டு சுத்த ஈயமாக இருக்கட்டும். கெட்டிக்கும் கோலில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, குண்டு மருந்தின் மேல் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்ததா என்று ஒவ்வொரு முறையும் அதே அழுத்தத்தில் பாருங்கள். குறிமுள் கடைசி வேலை. முன்முள்ளை அரத்தால் தேய்த்தால் குண்டு மேலே ஏறும், ஆகவே மருந்தளவு முடிவான பிறகு இரண்டு இழுப்பு தேய்த்து, சுட்டுப் பார்த்து, மறுபடி தேயுங்கள்.