அம்மாயி பாட்டும் மைக் கேபிளும்: வீட்டு ரெக்கார்டிங்கில் பட்டது

சோமனூர்ப் பக்கம் எங்கள் வீடு. சுவருக்கு அந்தப் புறம் பக்கத்து வீட்டாரின் தறிக்கூடம். எங்களோடு இருக்கும் அம்மாயிக்கு எண்பது தாண்டிவிட்டது. வள்ளி கும்மிப் பாட்டெல்லாம் ஒவ்வொன்றாக மறந்துபோகிறதே என்று பயந்துதான் போன வருடம் ரெக்கார்டிங்கில் இறங்கினேன். மைக்கின் ஒலியைப் பெருக்கி லேப்டாப்புக்குள் அனுப்பும் ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி, ஒரு டைனமிக் மைக், லேப்டாப். அவ்வளவுதான். மைக் வாங்கிய கடையிலேயே கேபிளும் கொடுத்தார்கள். ஒரு முனையில் மைக்கில் மாட்டும் மூன்று பின், மறுமுனையில் கால் இஞ்ச் பிளக்.

முதல் நாள் எடுத்ததை ஹெட்போனில் கேட்டால், அம்மாயி குரலுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று விடாத ரீங்காரம். அவர் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்திலெல்லாம் அது மேலே வந்து நின்றது. தறிச் சத்தம் என்றுதான் நினைத்தேன். ஒரு மதியம் கரண்ட் போனது. தறியும் நின்றது, ரீங்காரமும் நின்றது. சரி, தறிதான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆனால் கரண்ட் திரும்பியபோது தறிக்காரர்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். தறி ஓடவில்லை, ரீங்காரம் மட்டும் வந்துவிட்டது. அப்போதுதான் இது காற்றில் வரும் சத்தம் அல்ல, வயரில் ஏறுவது என்று புரிந்தது.

கோயம்புத்தூரில் ஒரு கடையில் விசாரித்தேன். ஆக்சிஜன் நீக்கிய செம்பு, தங்க முலாம் என்று சொல்லி ஆறாயிரம் ரூபாய் கேபிளை எடுத்து வைத்தார்கள். வாங்குவதற்கு முன் ஊரில் மைக் செட் வைத்திருக்கும் மாமாவிடம் என் கேபிளைக் காட்டினேன். கையில் வாங்கியதுமே, "ஏங் கண்ணு, இதக் கழட்டிப் பாத்தியா?" என்றார்.

ஸ்க்ரூவைக் கழற்றி உறையை இழுத்தார். உள்ளே ஒரே ஒரு வயர், அதைச் சுற்றித் தலைமுடி போல ஏழெட்டுச் செம்பு இழைகள். ஒன்றாம் பின்னையும் மூன்றாம் பின்னையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துப் பற்ற வைத்திருந்தார்கள். கோளாறு அங்கேதான் இருந்தது.

டைனமிக் மைக்கிலிருந்து வருவது ஒன்றிரண்டு மில்லிவோல்ட். அதை இன்டர்ஃபேஸ் 60 டெசிபல், அதாவது ஆயிரம் மடங்கு பெருக்குகிறது. வழியில் வயரில் ஏறிய 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ரீங்காரமும் சேர்ந்தே ஆயிரம் மடங்காகிறது. முறையான எக்ஸ்எல்ஆர் கேபிளில், அதாவது இரு முனையிலும் மூன்று பின் உள்ள மைக் கேபிளில், உள்ளே இரண்டு வயர் உண்டு. மைக்கின் ஒலி இரண்டிலும் ஒன்றுக்கொன்று நேரெதிராகப் போகும். வெளியிலிருந்து ஏறும் ரீங்காரமோ இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். இன்டர்ஃபேஸ் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் ரீங்காரம் கழிந்துபோகும். என் கேபிளில் அந்தக் கழித்தலுக்கே வழி இல்லை. செம்பு உசத்தியா மட்டமா என்ற பேச்சே இங்கே எழவில்லை.

மாமா சாதாரண இரண்டு கோர் மைக் வயரில் ஐந்து மீட்டர் வெட்டி, இரு முனையிலும் எக்ஸ்எல்ஆர் வைத்தார். ஒவ்வொரு நுனிக்கும் முதலில் ஈயம் பூசி, பிறகு பின்னில் பற்ற வைத்து, ஆறியதும் இழுத்துப் பார்த்தார். பற்றவைத்த இடம் மங்கலாகத் தெரிந்த ஒன்றை மறுபடி உருக்கினார். எழுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. வீட்டில் மாட்டினேன், ரீங்காரம் போயே போய்விட்டது.

மனசு கேட்காமல் திருப்பூர் நண்பரின் விலை உயர்ந்த கேபிளையும் வாங்கிவந்து சோதித்தேன். ஒரே பாட்டை இன்டர்ஃபேஸிலிருந்து வெளியே அனுப்பி, ஒவ்வொரு கேபிள் வழியாகவும் உள்ளே பதிவு செய்தேன். இரண்டையும் பக்கத்துப் பக்கத்து டிராக்கில் வைத்து, ஒன்றின் அலையை மேல்கீழாகத் திருப்பிச் சேர்த்து ஓட்டினேன். வித்தியாசம் இருந்தால் அது மட்டும் மிஞ்ச வேண்டும். ஹெட்போனை முழுதாக ஏற்றியும் மெல்லிய இரைச்சலைத் தவிர பாட்டில் ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கேபிளைக் குறை சொல்ல மாட்டேன். ஷீல்டு, அதாவது வயரைச் சுற்றி ரீங்காரத்தைத் தடுக்கும் செம்பு இழை, நெருக்கமான பின்னல். பிளக் கெட்டி. மேடையில் மிதிபட்டாலும் பல வருடம் தாங்கும்.

தறிச் சத்தம் மட்டும் பதிவில் இன்னும் இருந்தது. அதைக் கேபிளால் தீர்க்க முடியாது. உள்ளறைக்கு மாறி, இலவம்பஞ்சு மெத்தை இரண்டைச் சுவரோரம் நிறுத்தி, மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்தேன். குரல் தெளிந்தது அப்போதுதான்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர்: மைக்குக்கு நீங்கள் சொல்வது சரிங்க. எலெக்ட்ரிக் கிட்டாரில் கேபிள் நிஜமாகவே ஒலியை மாற்றும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) அதிகம் என்பதால் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை, மேல் சுரங்களை விழுங்கிவிடும். மீட்டருக்கு சுமார் 100 பைக்கோஃபாரட் என்று வைத்தால் பத்து மீட்டருக்கு ஆயிரம். பத்து மீட்டரிலிருந்து மூன்று மீட்டருக்கு மாறினேன், கம்பியின் 'ணிங்' திரும்ப வந்தது. அதிக விலை கொடுக்கவில்லை, நீளத்தைத்தான் குறைத்தேன்.

ஈரோட்டிலிருந்து இன்னொரு வாசகர்: எனக்கு யூஎஸ்பி கேபிளில் சிக்கல். அதில் போவது எண்கள், குரலின் நிறம் மாறாது. ஆனால் முனை தளர்ந்திருந்ததால் நடுநடுவே 'டிக்' என்று அறுந்தது. மாற்றியதும் சரியானது. அப்புறம், கேபிளை முழங்கையில் இறுக்கிச் சுற்றாதீர்கள், உள்ளே இழை அறுந்துவிடும்.

மறுபடி நான்: ஈரோட்டுக்காரருக்கு நன்றிங்க, நானும் முழங்கையில்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒன்று சொல்ல விட்டுப்போனது: என் லேப்டாப் சார்ஜருக்கு இரண்டு பின்தான், எர்த் இல்லை. அதை மாட்டியிருந்தால் 'கிர்ர்' என்று வேறொரு சத்தம் கேட்கும். பேட்டரியில் ஓட்டினால் இல்லை. அம்மாயிக்கு இன்னும் பதினோரு பாட்டு பாக்கி. ஃபேனை நிறுத்தினால் அவருக்கு வியர்க்கிறது, அதனால் விடியற்காலையில் எடுக்கிறோம்.