ரத்து செய்த அட்டைக்கும் கதவு திறக்கிறது – வயர்லெஸ் பூட்டு, உதவி தேவை

கேட்டவர் (காரைக்குடி):
வணக்கம். எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் பழைய நகரத்தார் வீடு ஒன்றில் இயங்குகிறது. பர்மா தேக்கு நிலைகளைக் குடைந்து வயர் இழுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அதனால் உள் அறைகளுக்குப் பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் பூட்டு. முகப்பில் இருக்கும் ஹப் (பூட்டுகளோடு வயர்லெஸில் பேசும் பெட்டி), ஆர்எஸ்-485 என்ற தகவல் வயர் வழியாக வளாகக் கன்ட்ரோலரோடு (எந்த அட்டைக்கு எந்தக் கதவு என்று முடிவு செய்யும் கருவி) பேசுகிறது. படிப்பு முடித்தவரின் அட்டையை ரத்து செய்தால் வாசல் ரீடர் உடனே மறுக்கிறது. இரண்டாம் கட்டு (வீட்டின் உட்பகுதி) அறைகள் மட்டும் மறுநாளும் திறக்கின்றன. உள்ளே ஓலைச்சுவடிகள் இருக்கின்றன, பயமாக இருக்கிறது. மென்பொருள் கோளாறா?

தேவகோட்டை:
அந்த அறைகளில் பேட்டரி சீக்கிரம் தீர்கிறதா தம்பி?

கேட்டவர்:
ஆமாம் அண்ணே, மற்ற கதவுகளில் தாங்கும் நாளில் பாதிகூடத் தாங்குவதில்லை.

தேவகோட்டை:
அப்படியென்றால் சிக்னல்தான். ஹப் கிடைக்காத பூட்டு திரும்பத் திரும்பக் கூப்பிடும், பேட்டரி அதில் போகும். தொடர்பு இல்லாத நேரத்தில் தன்னிடம் சேமித்திருக்கும் பழைய பட்டியலைப் பார்த்துத் திறந்துவிடும். நீங்கள் செய்த ரத்து அங்கே போய்ச் சேரவே இல்லை. பெட்டியில் போட்டிருக்கும் தூரம் வெட்டவெளிக்கு. நம் ஊர்ச் சுவர்களின் கனம் உங்களுக்கே தெரியும். ஹப்பை முகப்பிலிருந்து எடுத்து, இரண்டாம் கட்டைப் பார்த்தபடி வளவுத் (நடு முற்றம்) தாழ்வாரத்தில் மாட்டுங்கள். ஆர்எஸ்-485 வயர் 1200 மீட்டர் வரை போகும், தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. இரும்பு பீரோ பக்கம் மட்டும் வேண்டாம்.

சிவகங்கை:
இன்னும் இரண்டு விஷயம். பூட்டு 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் 802.15.4 வகை (குறைந்த மின்சாரத்தில் இயங்கும் வயர்லெஸ் முறை) என்றால் அதுவும் வைஃபையும் ஒரே அலைவரிசையில்தான் மோதும். வைஃபை 1, 6, 11-ஆம் சேனல்களில் ஓடினால் ஹப்பை 25-ஆம் சேனலுக்கு மாற்றிப் பாருங்கள். அப்புறம், தொடர்பு அறுந்தால் வளாக எண்ணை (அட்டையில் நிறுவனத்தைக் குறிக்கும் எண்) மட்டும் பார்த்துத் திறக்கும் அமைப்பு இருந்தால் இன்றைக்கே அணையுங்கள். 26 பிட் அட்டையில் வளாக எண் வெறும் 8 பிட், எல்லோருக்கும் ஒன்றுதான். ரத்தான அட்டை என்ன, எந்த மாணவரின் அட்டைக்கும் சுவடி அறை திறந்துவிடும்.

கேட்டவர்:
அந்த அமைப்பு இயங்கிக்கொண்டுதான் இருந்தது, அணைத்தாயிற்று. ஹப்பை வளவுக்கு மாற்றி, சேனலும் மாற்றினோம். ரத்து செய்த அட்டையைச் சுவடி அறை இப்போது மறுக்கிறது. அடுப்படிப் பக்கத்து அறையில் மட்டும் சிக்னல் விட்டு விட்டு வருகிறது.

தேவகோட்டை:
அங்கே இரண்டாவது ஹப் போடுங்கள் தம்பி. அதுவரை அந்தக் கதவுக்குச் சாவிப்பூட்டு போதும்.