கொழிஞ்சாம்பாறை வீடு (வாட்ஸ்அப் குரூப்)

கவிதா: நவீனுக்கு நாளைக் காலை 9 மணிக்குப் பாலக்காட்டில் மேட்ச். அவன் டிடி (டேபிள் டென்னிஸ்) பேட் மொட்டை மாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் காய்கிறது. யார் வேலை?

செல்வி: கேட்கணுமா 😂

அம்மாயி: 🎤 0:52

கவிதா: அம்மா பாத்திர சோப்புப் போட்டுத் தேய்த்தாங்களாம். சிவப்புப் பக்கம் பளிச்சென்று ஆகிவிட்டதாம், அந்தப் பக்கம் எவ்வளவு தேய்த்தும் கருப்பு போகவில்லையாம்.

பாலு: 🤣🤣🤣

சிவா: அம்மா, அது அழுக்கு இல்லை, பேட்டில் ஒட்டியிருக்கிற ரப்பரே கருப்பு. ஒரு பக்கம் கருப்பாக இருந்தே ஆகணும், அதுதான் விதி. மறுபக்கம் 2021 வரை சிவப்பு மட்டும்தான், இப்போது பச்சை, நீலம்கூட வரலாம். எந்த ரப்பரில் அடிக்கிறான் என்று எதிராளிக்குத் தெரியணும் அல்லவா. கவிதா, முதலில் வெயிலை விட்டு எடு. சூட்டில் ரப்பர் கெட்டிப்பட்டால் பிடிப்புப் போய்விடும், பந்து சுழலாமல் வழுக்கும்.

கவிதா: எடுத்தாச்சு அண்ணா

சிவா: சோப்பு, ஸ்பிரிட் எதுவும் ஆகாது. ஸ்பாஞ்சை நல்ல தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்து, கைப்பிடியிலிருந்து நுனிக்கு ஒரே போக்கில் துடைக்கணும். ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் பசை விட்டுவிடும். நிழலில் காய்ந்த பிறகு பிளாஸ்டிக் ஷீட் மூடி உறையில் வை.

பாலு: மச்சான், ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய்?

சிவா: மாப்பிள்ளை, அது தலைக்கு.

பாலு: முடி எங்கே இருக்கிறது

நவீன்: மாமா நான் உள்ளங்கையால்தான் துடைப்பேன், எல்லாரும் அப்படித்தான்

சிவா: கையில் வேர்வையும் எண்ணெய்ப்பசையும் ஒட்டியிருக்கும். ஆட்டத்துக்கு நடுவில் சரி, வீட்டுக்கு வந்தால் தண்ணீர்தான். துடைத்துவிட்டு ட்யூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார். அப்புறமும் நடுவில் மட்டும் மங்கி ஓரம் பளபளத்தால் அது தூசி இல்லை, தேய்மானம். புதுசு போடணும்.

செல்வி: இவ்வளவு பக்குவம் தெரிந்தும், அப்பா மூணு பேருக்கும் சேர்த்து வாங்கின டேபிளில் அண்ணி துணி தேய்க்கிறாங்களே

சிவா: அது வேறு விஷயம்.

கவிதா: இப்போது வேண்டாமே ப்ளீஸ்

பாலு: வடகம் காய்ந்துவிட்டதா?

செல்வி: போன வருஷம் பொள்ளாச்சிக்கு ரெண்டு டப்பா, கோயம்புத்தூருக்கு ஒரு பொட்டலம். ஞாபகம் இருக்கட்டும்

நவீன்: கருப்பு சரியாகிவிட்டது. சிவப்பு ஓரத்தில் எழும்புகிறது மாமா

சிவா: எவ்வளவு? போட்டோ போடு. கையில் கிடைத்த பசையை வைத்துவிடாதே.

கவிதா: அண்ணா, உங்க பழைய பேட்டை எடுத்துக்கொண்டு காலையில் வர முடியுமா?

சிவா: பார்க்கிறேன். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் லாரி நிற்காமல் இருக்கணும். அந்த ரப்பரும் எந்தக் காலத்தது என்று பார்க்கணும்.

பாலு: வடகத்தைவிட நன்றாகக் காய்ந்திருக்கும்

அம்மாயி: 🎤 0:08

கவிதா: நாளைக்கு வருகிறவங்களுக்குத்தான் வடகமாம்.

செல்வி: மேட்ச் எத்தனை மணிக்கு என்றாய்?